எந்தச் சிவப்பு

இரண்டையும் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தான் றிஸ்னி.
ஒன்று நூற்றெட்டு மெகாபிக்சல்.
கோணேசருக்கு அர்ச்சனை மாதிரி
அந்த நூற்றெட்டை அழுத்திச் சொன்னான்.
மற்றது ஐம்பது.
அது கொஞ்சம் யோசித்துத்தான் திறக்கும் என்று
அவனே ஒத்துக்கொண்டான்.
"இது பறக்கும் அக்கா."
எங்கே பறக்குமென்று நான் கேட்கவில்லை.
கையில் எழுபத்திரண்டாயிரம்,
கன்டீன் சீட்டில் முந்தாநாள் கழித்தெடுத்தது,
இன்னும் பதினொரு மாதம் கட்ட வேண்டியது.

அக்கா மகள் துண்டில் எழுதித் தந்திருந்தாள்:
ரேம், பற்றரி, சார்ஜ் ஏறும் வேகம், இரவுப் படம்.
ஒவ்வொன்றாய்க் கேட்டேன்.
ஒவ்வொன்றிலும் நூற்றெட்டே வென்றது.

வாசலில் ஒரு மான்.
கோட்டைப் பக்கம் புல் காய்ந்தால்
கடைத்தெருவுக்கு நடந்து வருகிறதுகளில் ஒன்று,
அட்டைப்பெட்டியின் மூலையைத் தின்றுகொண்டு நின்றது.
"அதையே எடுத்துப் பாருங்க."
எடுத்தேன், இரண்டாலும்.

நூற்றெட்டில் மான் பொன்னாய் நின்றது.
அது மென்ற அட்டைகூட அழகு.
மான் பொன்னாய் நின்றால் சந்தேகப்பட வேண்டுமென்று
பெண்களுக்குத் தெரியும்.
ஐம்பதில், முதுகில் உண்ணி தின்ற வழுக்கை,
காதில் கிழிசல்,
தலை மட்டும் கலங்கல்,
போன் யோசித்து முடிக்குமுன்னே
மான் திரும்பிவிட்டது.

துண்டில் இல்லாததை எப்படிக் கேட்பது?

தவநேசனின் இடது பெருவிரல்.
சீனி வருத்தம்.
ஆவணியில் திருக்கடலூர்க் கரையில் சிப்பி கீறியது,
இப்போது ஐந்து ரூபாய்க் குற்றி அளவு.
ஞாயிறுதோறும் படம் எடுத்து
கொழும்பு டொக்டருக்கு அனுப்ப வேண்டும்.
அவர் பார்ப்பது நிறத்தை.
இளஞ்சிவப்பென்றால் சதை வளர்கிறது,
கருஞ்சிவப்பென்றால் கிளினிக் நாளில் வா,
ஓரம் கறுத்தால்
அன்றிரவே பஸ் ஏறு.
என் பழைய போனுக்கு எல்லாமே மண்ணிறம்.
"தெளிவில்லை, திரும்ப அனுப்பவும்."
மூன்று ஞாயிறாய் இதே பதில்.

மணிக்கட்டில் எனக்கொரு சூட்டுக்காயம் இருந்தது,
வடைச்சட்டி நேற்றுத் தந்தது.
காப்பைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினேன்.
நூற்றெட்டு அதைத் துடைத்தே விட்டது.
கல்யாணப் பெண்ணின் கை.
"பாத்தீங்களா, ஒரு வடு இல்ல!"
றிஸ்னிக்குப் பெருமை.

"அந்த அழகை நிப்பாட்ட ஏலாதா?"
எங்கெங்கோ உள்ளே போய்த் தேடி நிப்பாட்டினான்.
நிப்பாட்டின பிறகும் அது
கொஞ்சம் வெட்கப்பட்டது,
காயத்தை ரோஜாவாக்கித் தந்தது.

ஐம்பது சுழன்றது, சுழன்றது,
பிறகு காட்டியது:
நடுவில் சிவப்பு, சுற்றிக் கொப்புளம்,
எண்ணெய் வழிந்த திசை வரைக்கும்.
என் கையை நானே அப்போதுதான் பார்த்தேன்.

"இதத் தா."
"அக்கா, இதில கேம் ஒண்டும் விளையாட ஏலாது."
பெட்டி உடைத்த அதையே
ஆயிரம் குறைத்துத் தந்தான்.

ஞாயிறு.
டியூப் லைட்டின் கீழ் வெள்ளைத் துவாயில் கால்.
தவநேசன் பல்லியைப் பார்த்தபடி
"எடுத்திட்டியா" என்றார்.
வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.
அந்த இரண்டு விநாடிக்கு
எழுபத்தோராயிரம் கொடுத்தேன் என்று சொல்லவில்லை.

பிறகு விரல் வந்தது.
இது எந்தச் சிவப்பு?
இளசா, முற்றியதா?
நான் ஒன்று சொன்னேன்,
அவர் ஒன்று சொன்னார்.
அனுப்பினோம்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது,
பதில் இல்லை.

காத்திருந்த நேரத்தில்
படங்களைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனவர்
மானிடம் நின்றார்.
விரலிரண்டால் அதன் முதுகைப் பெரிதாக்கினார்.
"பாவம், இதுக்கும்
ஆராவது மருந்து கட்ட வேணும்."